எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு "ம்"

"கிளட்ச்சை மிதிக்கச் சொன்னா பூவை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறாங்க. அப்புறம் கியர் விழலன்னு என்கிட்ட வந்து நிக்கிறாங்க!"

பட்டறையில் கடுகு தினமும் பாடும் பாட்டு இது. எடுத்ததற்கெல்லாம் பொரிந்து தள்ளுவதால் அந்தப் பெயர். வண்டியில் எது கெட்டாலும் ஓட்டுபவர்தான் காரணம். டயர் பஞ்சரானால்கூட ஆணியைத் தேடிப்போய் ஏற்றியது நீங்கள்தான் என்பார். வீட்டிலும் அதே கதைதான். மிக்ஸி நின்றுபோனால் பெண்டாட்டி அதை முறைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட மனுஷன் அண்ணியின் காரில் வசமாக மாட்டிக்கொண்டார்.

பட்டறை அண்ணனும் தம்பியுமாகப் போட்டது. கியர்பாக்ஸ் ஏற்றுவது இரண்டு ஆள் வேலை. வண்டிக்கு அடியில் படுத்து அண்ணன் அதன் பின்பாரத்தைத் தாங்குவார். தம்பி முன்பக்கத்து ஷாஃப்ட்டை கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டைக்குள் நுழைத்துவிட்டு, "அண்ணே, புடிச்சியா?" என்பார். "ம்" என்று பதில் வரும். அதன்பிறகே கையை எடுத்து போல்ட்டை மாட்டுவார். இருபது வருஷம் தொழில் அப்படி ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். கடுகு ஜாக்கியை முட்டுக் கொடுத்துத் தனியாகவே சமாளித்துக்கொண்டார்.

அண்ணன் விட்டுப்போன காரை அண்ணி ஓட்டினார். காலையில் நாலு பேரை ஆபீஸில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவார். கிளட்ச் தேய்ந்து வண்டி மேட்டில் முனகியது. கடுகு புது பிளேட் போட்டுக் கொடுத்தார். மறுநாளே அண்ணி வந்து நின்றார்.

"தம்பி, ஃபர்ஸ்ட் போட்டா கர்ருங்குது. ரிவர்ஸ் சுத்தமா விழ மாட்டேங்குது."

"நல்லா அமுக்கி மிதிங்க அண்ணி."

"இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுல ஊனும். நீங்களே உக்காந்து பாருங்க."

பார்த்தார். இன்ஜினை அணைத்தால் அத்தனை கியரும் வெண்ணெயாக விழுந்தது. இன்ஜின் ஓடினால் கடித்தது. கியர்பாக்ஸ் மேல் குறையில்லை. பெடலை மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட் விடுபடாமல் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது என்பது அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கேபிளை இறுக்கினார். அதே கர். கியர் கம்பியின் இணைப்பைச் சரிபார்த்தார். ஆயிலை மாற்றினார். கியர்பாக்ஸை இறக்கிப் பார்ப்பதைத் தவிர எல்லாம் செய்தார்.

ஏன் இறக்கவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். புது பிளேட் போட்ட அன்று ஜாக்கி வைக்க மறந்துபோனார். அண்ணன் வண்டி, அதே இடம், அதே பாரம். கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்கு, "அண்ணே, புடிச்சியா?" என்று கேட்டுவிட்டது.

"ம்" என்று வந்தது.

பட்டப்பகல், மூன்று மணி. பட்டறையில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் வந்தது. கையை எடுத்தார். கியர்பாக்ஸ் மொத்தமும் ஷாஃப்ட்டோடு பிளேட்டில் தொங்கியது. தவழ்ந்து போய்த் தாங்கிப் பிடித்தபோது எதிர்ப்பக்கம் வெறும் தரை. அங்கே ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தூசி கலைந்திருந்தது. தானே கலைத்ததாகவும் இருக்கலாம்.

அப்படித் தொங்கினால் பிளேட் கோணிக்கொள்ளும் என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். இறக்கினால் குட்டு வெளிப்படும். அது போகட்டும், இறக்கியதைத் திரும்ப ஏற்ற வேண்டுமே. அந்தக் குரல் மறுபடி வந்தால் என்ன செய்வது? வராமலே போனால்?

பழியைத் தூக்கி அண்ணியின் காலில் போட்டார். "பழகினா சரியாயிடும்."

நாலாம் நாள் அண்ணி சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"வித்துடறேன் தம்பி. நாளைக்கு ஒருத்தர் பாக்க வர்றார்."

"எதுக்கு அண்ணி இவ்வளவு அவசரம்?"

"உங்க அண்ணன் கால் வச்ச இடம். அங்க என் கால் படறது அவருக்குப் புடிக்கல போல. மிதிக்கும்போதெல்லாம் வேணாம் வேணாம்னு தள்ற மாதிரியே இருக்கு. எனக்குத் தூக்கமே போச்சு."

தன் வாய்க்கொழுப்பு செத்த மனுஷனைக் கெட்டவனாக்கிவிட்டது என்பது கடுகுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்க கால்ல தப்பில்ல அண்ணி. நான்தான் கியர்பாக்ஸைத் தொங்க விட்டுட்டேன். அண்ணன் புடிச்சிருக்கார்னு நெனச்சுக் கையை எடுத்துட்டேன்."

அண்ணி மேஜைமேல் வைத்த சாவியைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"கேட்டீங்களா அவர்கிட்ட?"

"கேட்டேன். ம்னார்."

"ரெண்டு வருஷமா எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. உங்களுக்கு மட்டும் ம்னுட்டுப் போறாரா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு முடியை அள்ளி முடிந்தார். "இறக்குங்க. என்னன்னு பாத்துடலாம்."

பிளேட்டைத் தரையில் வைத்தார்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. புதிது வாங்கி வந்து ஏற்றும்போது ஜாக்கியோடு சேர்த்து அண்ணியும் பாரத்தைத் தாங்கினார்.

"புடிச்சீங்களா அண்ணி?"

"புடிச்சுட்டுத்தான் இருக்கேன். வளவளன்னு பேசாம போல்ட்டைப் போடுங்க."

போடவில்லை. இரண்டு பேரும் அப்படியே அசையாமல் கொஞ்ச நேரம் காது கொடுத்தார்கள். ஒன்றும் வரவில்லை. அப்புறம் கடுகு போல்ட்டை மாட்டினார். ரிவர்ஸ்கூடச் சத்தமில்லாமல் விழுந்தது. பார்க்க வந்தவரை அண்ணி வாசலோடு திருப்பி அனுப்பினார்.

இப்போது கியர்பாக்ஸ் வேலையைக் கடுகு ஞாயிற்றுக்கிழமை அண்ணி இருக்கும்போதுதான் தொடுகிறார். கிளட்ச் மாற்றிய பிறகு உங்கள் கார் கியருக்கு அடம்பிடித்தால், உங்கள் காலை நீங்களே திட்டிக்கொள்ளாமல் அவரைப் போய்ப் பாருங்கள். கார் இல்லாதவர்களும் போகலாம், தப்பில்லை. மற்ற நாளில் தனியாகத்தான் இருப்பார். யாருமில்லாத பக்கம் பார்த்து எதையோ கேட்டுவிட்டு ஸ்பானரும் கையுமாக நின்றால் சிரித்து வைக்காதீர்கள். உள்ளே போய் ஏதாவது பேச்சுக் கொடுங்கள்.