கூட வரும் பெரியவர்

ஓடுகிற இயந்திரம் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதை நிறுத்துகிற பொத்தான் எங்கே என்றுதான் தேடும். எர்ணாவூரில் தகடு அழுத்தும் ஒரு பட்டறையில் இடது கையை முழங்கைக்குக் கீழே விட்டுவிட்டு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்த பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். இப்போது அதே சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, வரும் லாரிகளின் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். உட்கார்ந்து என்பது பேச்சுக்கு. நான் நாற்காலியில் உட்கார்ந்து யார்டில் யாரும் பார்த்ததில்லை.

என் மனைவி சிங்கப்பூரில் நர்ஸ். நானும் மகளும் திருவொற்றியூரில். பக்கத்துத் தெருவில் அக்கா வீடு இருப்பதால் பிழைப்பு ஓடுகிறது. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் இருவரும் விமானம் ஏறிவிடுவோம். அங்கே போனால் மகளுக்கு மியூசியம் வேண்டாம், கடை வேண்டாம். தீம் பார்க், அதிலும் ரோலர் கோஸ்டர்.

முதல் தடவை போனபோது அந்த வரிசையையே வாய் பிளந்து பார்த்தேன். நம் ஊரில் வரிசை என்றால் அடுத்தவர் மூச்சு நம் பிடரியில் படும். அங்கே குகைபோல் வளைந்து வளைந்து போகிறது, மேலே மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்கிற பலகை. வாசலில் ஓர் அளவுகோல். அதில் இரண்டு கோடுகள். கீழ்க் கோட்டைத் தொடாத குழந்தைக்கு அனுமதியே இல்லை. மேல் கோட்டைத் தாண்டிய குழந்தை தனியாகப் போகலாம். நடுவில் நிற்கிற குழந்தையோடு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும். என் மகள் நடுவில் இருந்தாள். பெரியவர் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

சீருடைப் பையன் என் சட்டைக் கையைப் பார்த்தான். காலியாகத் தொங்கிய அந்தக் கையைப் பார்த்துவிட்டு, அவ்வளவு பணிவாகத் தலை குனிந்து, விதிப் பலகையிலிருந்த படத்தைக் காட்டினான். படத்தில் ஒரு பொம்மை மனிதன் மடிமேல் இறங்கும் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். என் மனைவி கைப்பையை என் தோளில் மாட்டிவிட்டு மகளோடு உள்ளே போனாள். நான் வெளியே மூன்று பைகளோடு கோட் ஸ்டாண்டு மாதிரி நின்றேன்.

இறங்கி வந்த மகள் கேட்டாள். "நீ ஏம்பா வரல? பயந்துக்கினியா?"

அவள் பிறந்ததிலிருந்து என் கை இப்படித்தான். அது ஒரு காரணம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஆமாம்மா, லைட்டா பயம்" என்றேன்.

அன்று ரயிலில் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். "அந்தப் பையங்கிட்ட இன்னா பேசுனாலும் சிரிக்கிறான். திட்டக்கூட முடியல."

"அவன் சரியாத்தான் செஞ்சான்" என்றாள்.

"சரின்னு எனக்கும் தெரியும். அதான் பேஜாரா கீது."

உண்மையில் அதுதான் என்னை அரித்தது. இப்படி வளைந்து கொடுக்காத ஓர் ஆள் எங்கள் பட்டறை வாசலில் நின்றிருந்தால் எனக்கு இன்று இரண்டு கை இருந்திருக்கும். அன்று இல்லாத விதி, கை போன பிறகு வந்து என்னை வெளியே நிறுத்துகிறது. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஊருக்குத் திரும்பியதும் இன்னொரு குடைச்சல் ஆரம்பித்தது. அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் அவளுக்குப் பெரியவரே தேவையில்லை. அதற்குள் ஒரே ஒரு தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து கத்திவிட வேண்டும். கோயில் பிரசாதம் மாதிரி ஒரு துளி, எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அவள் ஸ்கூல் யூனிஃபார்ம் மாதாமாதம் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பாலைக் கொஞ்சம் கம்மியா குடிம்மா" என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னேன். வீடியோ அழைப்பில் இருந்த மனைவி காது கிழியத் திட்டினாள்.

அடுத்த விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி மலேசியா போனோம். அங்கே வாசலிலேயே ஒரு மாதிரி இருக்கை வைத்திருந்தார்கள். பணியிலிருந்தவர் தமிழர், தலை நரைத்தவர். "உக்காருங்க அண்ணே" என்று சொல்லிக் கம்பியை இறக்கிவிட்டு, பிடித்துக் காட்டச் சொன்னார். என் வலது கையால் இறுக்கிப் பிடித்தேன். யார்டில் லாரிக் கதவைத் திறக்கிற கை. அவர் கம்பியை அசைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"நீங்க தாராளமா போகலாம் அண்ணே. ஆனா தனியாத்தான். பிள்ளை கூட வந்தா, கம்பியப் பிடிக்க ஒரு கை வேணும், பிள்ளையப் பிடிக்க ஒரு கை வேணும்."

என்னை முழு ஆளாக மதித்து அளந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் இடம் அது. அதற்கு நன்றி சொன்னேன். தனியாகப் போய் நான் என்னத்தைக் கிழிக்கப் போகிறேன்? இறங்கி வந்து பைகளை வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் கோடையில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்திலேயே பொருட்காட்சி போட்டார்கள். ஜெனரேட்டர் இரைச்சல், மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம், நடுவில் முன்னும் பின்னும் வீசி ஆடுகிற கொலம்பஸ் படகு. அளவுகோலும் இல்லை, பலகையும் இல்லை. படகை ஓட்டுகிறவர் ஃபோனில் பேசிக்கொண்டே எங்களைக் கை காட்டி ஏற்றினார்.

"குந்து நைனா. பாப்பாவ உள்பக்கம் குந்த வை."

அவர் என் சட்டைக் கையைப் பார்க்கவே இல்லை. மகள் என்னை ஒட்டி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, "ஐ! அப்பா வந்துகீறாரு" என்று முன்சீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் அறிவித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே இத்தனை கடல் தாண்டினேன், இங்கே நடந்தே வந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

பழக்க தோஷம், கை தானாகப் போய்க் கம்பியை இழுத்தது. கம்பி கையோடு மேலே வந்துவிட்டது. ஓரத்தில் போல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள்.

"யோவ், இது லாக்கே ஆவல" என்று கத்தினேன்.

"அது அப்டித்தான் நைனா. கெட்டியா புட்சிக்கோ, ஒண்ணும் ஆவாது."

அவளையும் பிடித்துக்கொண்டு எதைக் கெட்டியாகப் பிடிப்பது? எழுந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பின்னாலிருந்து ஒருவன், "ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு மாமு, டைம் ஆவுது" என்றான். படகு எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மகள் அழுதபடியே வீடுவரை நடந்தாள். "அந்த ஊர்லலாம் அவங்க வேணான்னாங்க. இங்க யாருமே வேணான்னு சொல்லல. நீதாம்பா சொன்ன."

அக்கா வீட்டில் அவள், "அப்பா பயந்துட்டாரு" என்று சொன்னபோது ஆமாம் என்று தலையாட்டினேன். அன்று நிஜமாகவே பயந்துதான் போயிருந்தேன்.

இந்த மே மாதம் மறுபடியும் சிங்கப்பூர். விதி மாறியிருக்கிறதா என்று கேட்கலாம் என்றுதான் வரிசையில் நின்றேன். கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அளவுகோல் பக்கத்தில் நின்ற பெண் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மேல் கோடு அவள் நெற்றியில் இருந்தது. கைதட்டிவிட்டு மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டினாள். இனிமேல் கூட யாரும் வேண்டியதில்லையாம்.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டடி ஓடியவள், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து என் விரலைப் பிடித்தாள்.

"நீ பயப்படாதப்பா. நான் போய்ட்டு வந்து எப்டி இருந்துச்சுன்னு சொல்றேன்."

தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தேன். சீருடைப் பையன் அவள் மடிமேல் கம்பியை இறக்கினான், இழுத்துப் பார்த்தான், மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. அவள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார்.

வண்டி மெல்ல ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, தலைகீழாகப் பாய்ந்தது. அந்த ஆள் இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு கத்தினார். கம்பியை அவர் தொடவே இல்லை.