வெர்லீன் போடாத டிக்

நான் ஏழை என்று ஒருவரிடம் ஒருமுறை சொல்வதற்கே நாக்கு கூசும். வெர்லீன் அந்தக் குளிர்காலம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் முகம் தெரியாத சட்டக் கல்லூரிக்காரர்களிடம்.

நானும் அவளும் ஒஹையோவில், யங்ஸ்டவுனில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறோம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் பிற்பகல் வரைக்கும் எங்களுக்குச் சம்பளமில்லாத நேரம். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோல்தான் வீண் என்று டிப்போ அறையிலேயே கிடப்போம். எங்களோடு பேருந்து ஓட்டும் ஸ்டான்கோ நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவான். நான் கொண்டுவந்த பியரோகிக் கொழுக்கட்டையைச் சூடு பண்ணுவேன். வெர்லீன் தன் ஓட்டை மடிக்கணினியைத் திறந்து கல்லூரி கல்லூரியாக எழுதுவாள், விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று.

நாற்பத்து மூன்று வயதில் சட்டம் எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. அவளுடைய அம்மா நோயில் கிடந்து இறந்துபோனபோது ஆஸ்பத்திரி பாக்கி இவள் தலையில் விழுந்தது. நீதிமன்றத்திலிருந்து உறை வந்தது. பயத்தில் இவள் பிரிக்கவே இல்லை. இவள் இல்லாமலே தீர்ப்பாகி, சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு ஒரு வக்கீல் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நேர்ல வந்திருந்தா பாதி தள்ளுபடி ஆயிருக்கும்மா" என்றாராம். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் இது.

அவள் சேரக்கூடிய கல்லூரி ஒன்றே ஒன்றுதான். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது, மாலை வகுப்பு உண்டு, பகலில் பேருந்து ஓட்டலாம். தூரத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்று பெருந்தன்மையாகத் தள்ளுபடி கொடுத்தன. வேலையை விட்டுவிட்டு அங்கே போய் என்ன சாப்பிடுவாள்? பக்கத்துக் கல்லூரியோ, எத்தனை முறை எழுதினாலும் ஒரே பதிலை அனுப்பியது: தனிப்பட்ட கோரிக்கைகளைத் தற்போது பரிசீலிப்பதில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிடித்தது போக அவள் கைக்கு வரும் சம்பளத்தில் அந்தக் கட்டணம் கட்டினால் வாடகை நின்றுபோகும்.

"நான் தரேன்டி, எடுத்துக்கோ" என்றேன்.

"வேணாம் கோனி. உங்கிட்ட கடன் வாங்கினா, அப்புறம் உன் போனையும் எடுக்க மாட்டேன்."

எனக்கு வயிறு எரிந்த இடம் வேறு. எந்தக் கல்லூரியானாலும் நிலைமையை விளக்கச் சொல்லும். ஒவ்வொரு முறையும் இவள் அம்மாவிலிருந்து ஆரம்பிப்பாள். படுக்கைப் புண், டயபர், கடைசி மாதம், பிரிக்காத உறை. முதல் கடிதம் எழுதும்போது மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினாள். ஜனவரியில் ஒரு கையால் சிப்ஸ் தின்றுகொண்டே அதையே தட்டிக்கொண்டிருந்தாள். அழுதது தேவலை என்று தோன்றியது எனக்கு.

புதன்கிழமை பொறுக்க முடியாமல் அந்தக் கல்லூரிக்கே போன் போட்டாள். நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கத்துப் பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள்.

"விண்ணப்ப இணையதளத்துல கணக்குத் தொடங்கறப்போ, 'கல்லூரிகள் என்னைத் தொடர்பு கொள்ளலாம்'னு ஒரு கட்டம் இருந்திருக்குமே மேடம்? அதுல டிக் போட்டவங்களுக்குத் தள்ளுபடி தானாவே போயிடும்."

"காரணம் எதுவும் கேக்க மாட்டீங்களா?"

"மாட்டோம். உங்க நுழைவுத் தேர்வு மார்க்குக்கு எப்பவோ வந்திருக்கும்."

"அப்போ நான் எழுதினதெல்லாம்?"

"அது பொது மின்னஞ்சல் பெட்டிக்கு வரும் மேடம். தானா ஒரு பதில் போகும்."

போனை வைத்ததும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏன்டி, ஒரு டிக் போடறதுக்கு உனக்கு என்ன கேடு?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "உன்னைத் தொடர்பு கொள்ளலாமான்னு யாராவது கேட்டா, நீ சரின்னு சொல்லுவியா?"

எங்கள் டிப்போவில் தெரியாத எண்ணை எடுக்கிறவர் யாரும் கிடையாது. கடன் வசூல்காரன் தினம் ஓர் எண்ணில் கூப்பிடுவான். ஸ்டான்கோ தன் மகள் எண்ணை மாற்றியது தெரியாமல் ஒரு மாதம் அவளையே தவிர்த்தவன்.

வெர்லீன் அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள். வியாழக்கிழமை காலைப் பேருந்து நடை முடித்து வந்து பார்த்தால் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிகிறது. உங்கள் திறமை எங்களைக் கவர்ந்தது, உங்களுக்கென்றே கட்டணத்தை நீக்கியுள்ளோம் என்று ஊர் உலகத்துக் கல்லூரியெல்லாம் எழுதியிருந்தது. பக்கத்துக் கல்லூரியும் எழுதியிருந்தது.

"வக்கீலம்மா, என் ஸ்பீடிங் அபராத டிக்கெட்டை முதல்ல கவனிங்க" என்று ஸ்டான்கோ எழுந்து கும்பிடு போட்டான்.

அவள் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு டயபர் மாத்தினதை எல்லாம் எழுதினேன், கோனி. ஒருத்தரும் படிக்கல."

காபியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் விண்ணப்பத்தைத் திறந்தாள். பெயர், முகவரி எல்லாம் முடிந்து கடைசியில் கட்டுரை. உங்கள் வாழ்க்கையில் சந்தித்த ஒரு கஷ்டத்தைப் பற்றி எழுதவும்.

நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

எழுந்தவள், அதே கல்லூரிக்கு முன்பு அனுப்பிய கடிதத்தைத் தேடி எடுத்து, அப்படியே நகலெடுத்துக் கட்டுரையில் ஒட்டினாள்.

"அதேதானாடி?" என்றேன்.

"புதுசா சொல்ல எங்கிட்டத் தெம்பு இல்ல. இதைப் படிக்க ஆள் வச்சிருக்காங்களாம். இந்தத் தடவை படிச்சுத்தான் ஆகணும்."

ஒரே ஒரு வரியை மட்டும் அழித்தாள். எனவே கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன் என்ற கடைசி வரியை. அனுப்பிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு பேருந்து இன்ஜினைச் சூடாக்கப் போனாள்.