நான் வெட்டிய பெயர்

இதைப் படித்து முடித்ததும் கீழே ‘கற்பனை அருமை’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். கற்பனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சில வருஷமாக மற்றவர்கள் எழுதிய பேய்க் கதைகளைத் திருத்துவதுதான் என் வேலை. எது அளந்து விட்டது, எது நடந்தது என்று மூணாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

இது நடந்தது. எனக்கு நடந்தது.

என் பெயர் சீதா. கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறோம். எஸ்டேட் பெயரைச் சொல்ல மாட்டேன். பகலில், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் டீ குடிக்கும் கடையில் எனக்குக் கவுண்டர் வேலை. அதற்காக மேட்டில் ஒரு ஸ்டாஃப் வீடு கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் வேறு வீடு கிடையாது. என் கணவர் ரூபன் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். வேலைக்குப் போய் வருவது எங்கள் காரில். அவர் கம்போங் ராஜாக்காரர். நான் பீடோர்க்காரி. இந்த எஸ்டேட்டின் பழைய கதை எதுவும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு ‘கேள்விப்பட்டதை வைத்துப் பயந்திருப்பாய்’ என்று யாரும் சொல்லக் கூடாது.

ஈப்போவில் டெஸ்மண்ட் என்பவர் இணையத்தில் ஒரு தமிழ்க் கதைத் தளம் நடத்துகிறார். யார் வேண்டுமானாலும் கதை அனுப்பலாம். அதில் ‘உண்மை அனுபவம்’ என்ற பகுதி என் பொறுப்பு. எழுத்துப் பிழையைத் திருத்துவேன். திருடின கதையைத் தள்ளிவிடுவேன். நிஜ மனிதர்களின் பெயர் இருந்தால் எடுத்துவிடுவேன். கடைசியாகச் சொன்னது டெஸ்மண்ட் போட்ட சட்டம். ‘எங்க வீட்டுச் சாவை நீங்க எப்படிப் போடலாம்’ என்று ஒரு குடும்பம் சண்டைக்கு வந்ததிலிருந்து இந்தச் சட்டம்.

“உயிரோட இருந்தாலும் சரி, செத்திருந்தாலும் சரி. பேரு வேணாம் சீதா. வெட்டிரு” என்பார்.

நானும் வெட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போன நவம்பர். ஒரு புதன்கிழமை. மத்தியானமே மழை பிடித்துக்கொண்டதால் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து குளித்து, சோற்றை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கெல்லாம் பனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. எதிர் மலை இல்லை. ரோடு இல்லை. தேயிலை இல்லை. வெள்ளை மட்டும்.

மேலே மலையில் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பொழுது சாயும்போது அடிக்கடி கேட்கிற குரல்தான். யாரையோ இழுத்து இழுத்துக் கூப்பிடும். ஆணா பெண்ணா தெரியாது. என்ன பெயர் என்பதும் பிடிபடாது. பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஆட்டைக் கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிடுவேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். என் பகுதியில் ஒரே ஒரு கதை காத்துக்கொண்டிருந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

வரிக்கு வரி பிழை. நான் திருத்துவதற்கு முன் அது இப்படி இருந்தது...

‘எம் பேரு மலர். சின்னக்கருப்பன் மக. கொழுந்த எட போட்டுட்டு குறுக்குப் பாதயில வீட்டுக்குப் போனேன். மழ. மேல மண்ணு சத்தம் போட்டுச்சு. அப்பறம் இருட்டு. வாயில மண்ணு. மலரு ஏ மலருன்னு கூப்புடுறாங்க. அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டு நடக்குறேன். தெனமும் நடக்குறேன். பேரு கேக்குற வரைக்கும் வழி தெரியும்.’

அதற்குக் கீழே ‘மலரு... ஏ மலரு...’ என்று மட்டும் வரி வரியாகப் போனது. வேறு எதுவும் இல்லை.

நல்ல கதைதான். ஆனால் பெயர் இருக்கிறதே. அப்பன் பெயரோடு இருக்கிறதே.

சின்னக்கருப்பனை எடுத்தேன். ‘எம் பேரு மலர்’ என்பதை ‘நான் ஒரு பெண்’ என்று மாற்றினேன். ‘மலரு ஏ மலரு’ என்ற வரிகளை மொத்தமாக அழித்தேன். பிழைகளைச் சரிசெய்தேன். தளத்தில் போட்டேன்.

மணி ஆறே முக்கால்.

வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் நின்றது.

தேய்ந்து தேய்ந்து நிற்கவில்லை. ஒரு சொல்லின் பாதியில்... வெட்டின மாதிரி நின்றது.

மழை பெய்தது. ஆனால் கேட்க வேண்டிய மற்றதெல்லாம் கேட்கவில்லை. தவளை இல்லை. பூச்சி இல்லை. கீழே தொழிலாளர் லயத்து நாய்கள் மழையிலும் குரைக்கும். அதுவும் இல்லை.

கதைக்குக் கீழே ஒரு கருத்து வந்து விழுந்தது. பெயர் இல்லாத கணக்கு.

‘எந்தப் பக்கம்?’

யாரோ வம்பு செய்கிறார்கள் என்று அழித்தேன்.

‘வழி தெரியல.’

அதையும் அழித்தேன்.

‘லைட்டு தெரியுது.’

என் கை அப்படியே நின்றது. அந்த மேட்டில் எரிந்துகொண்டிருந்தது ஒரே ஒரு லைட். அது என் தலைக்கு மேலே இருந்தது.

எழுந்து சுவிட்சை அணைத்தேன். இருட்டில் லேப்டாப் வெளிச்சம் மட்டும்.

பின்பக்கம்... பலகைச் சுவரில்... ஒரு சத்தம்.

சர்ர்ர்.

நகம் கீறுகிற சத்தம் இல்லை. உள்ளங்கை. கண் தெரியாதவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார்களே, அப்படி. சமையலறைச் சுவர். பிறகு படுக்கை அறைச் சுவர். பிறகு ஹால். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம். என் முதுகின் உயரத்தில்.

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அது என்னைக் கடந்து போனது. வாசல் கதவுக்கு வந்தது. கதவை மேலிருந்து கீழ் வரைக்கும் தடவியது.

நான் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஈரச் சரளையில் காலடி. இறங்கிப் போனது. ரோட்டுப் பக்கம்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். கைபேசி அடித்தது. ரூபன்.

“சீதா, நம்ம வீட்டுக்குக் கீழ வளைவுல நிக்குறேன் லா. ஒரே பனி. ஒண்ணும் தெரியல.”

“மெதுவா வாங்க. எங்கயும் நிக்காம வாங்க.”

“இல்ல லா, இங்க ஒரு பொம்பள நிக்குது. தொப்பலா நனஞ்சிருக்கு. வீடு எங்கன்னு கேட்டா தெரியலைங்குது.”



“பேரு கேட்டீங்களா?”

“கேட்டேன். அதுவும் தெரியலைங்குது.”

“ஏத்தாதீங்க!”

“மழையில எப்படி லா விட்டுட்டு வர்றது? பின் சீட்டுல ஏறிடுச்சு.”

கார்க் கதவு மூடுகிற சத்தம் கைபேசியில் கேட்டது.

நான் லேப்டாப்பை இழுத்தேன். யோசிக்கவில்லை. எங்கள் தளத்தில் ஒரு வசதி உண்டு. திருத்துவதற்கு முன் கதை எப்படி இருந்ததோ அதை அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

வட்டம் சுற்றியது.

மழை பெய்தால் இங்கே லைன் இருக்காது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“சீதா...” ரூபனின் குரல் மாறியிருந்தது. “மண்ணு வாசன அடிக்குது.”

“வண்டிய விட்டு இறங்கிடுங்க!”

“கண்ணாடியெல்லாம் மூடித்தான் இருக்கு... உள்பக்கமா சேறு வழியுது, சீதா...”

“இறங்குங்க!”

“கதவு திறக்கல.”

வட்டம் சுற்றியது.

கைபேசியில் ஒரு மூச்சு. ரூபனுடையது இல்லை. தொண்டையில் எதையோ அடைத்துக்கொண்டு இழுக்கிற மூச்சு. அது கைபேசிக்கு மிகப் பக்கத்தில் வந்தது.

“அக்கா...”

மறுபடியும் பொத்தானை அழுத்தினேன்.

“எடுத்தது... நீங்கதானா?”

“தந்துடுறேன்” என்றேன். அழுதுகொண்டே சொன்னேன். “தந்துடுறேன்மா. அவர விட்டுடு. இதோ... தந்துடுறேன்...”

வட்டம் நின்றது.

திரையில் வந்தது. ‘எம் பேரு மலர்.’

அந்த நொடியே மலையிலிருந்து குரல் எழுந்தது. ஜன்னல் வழியாகவும் கேட்டது. கைபேசி வழியாகவும் கேட்டது. முதல் தடவையாக அந்தப் பெயர் எனக்குப் பிடிபட்டது.

“மலரு... ஏ மலரு...”

கார்க் கதவு திறக்கிற சத்தம்.

ரூபனின் பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது.

“யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பாத்துச்சு” என்றார். “இறங்கி மேல போகுது. தேயிலைக்குள்ள நடந்து போகுது... செடி ஒண்ணுகூட ஆடல, சீதா.”

அவர் வீடு வந்து சேர்ந்ததும் கதவைப் பூட்டி, எல்லா லைட்டையும் போட்டோம். சோற்றை யாரும் தொடவில்லை. காலையில் போய்க் காரைப் பார்த்தோம். பின் சீட் காய்ந்துதான் இருந்தது. கண்ணாடியில் மட்டும், உள்பக்கம், செம்மண் சேறு கோடு கோடாக இறங்கி உலர்ந்திருந்தது. துணியை நனைத்து நான்தான் துடைத்தேன். ரூபன் கிட்டே வரவில்லை.

டெஸ்மண்டைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. “அந்தக் கதையில மட்டும் பேரு இருக்கட்டும் சீதா. யாரும் கை வைக்க வேணாம்” என்றார். இன்னும் தளத்தில் இருக்கிறது. எது என்று கேட்காதீர்கள்.

கொஞ்ச நாள் கழித்து சாம்பசிவம் ஐயா எங்கள் கடைக்கு டீ குடிக்க வந்தார். இந்த எஸ்டேட்டில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் ஆள் கணக்கெல்லாம் பார்த்தவர், அவருக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. மெதுவாகக் கேட்டேன்.

“ஐயா, இங்க சின்னக்கருப்பன்னு யாராச்சும் இருந்தாங்களா?”

அவர் டீயைக் கீழே வைத்தார்.

“உனக்கு யாரும்மா சொன்னது? நீங்கெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியாச்சே. மேல குறுக்குப் பாதையில மண்ணு சரிஞ்சிருச்சு. மக அதுல மாட்டிக்கிச்சு. தேடிக்கிட்டு ஓடினாரு. யாரு சொல்லியும் நிக்கல. கத்திக்கிட்டே மேல ஏறினாரு. மறுபடியும் சரிஞ்சிச்சு. அவர கடைசி வரைக்கும் எடுக்க முடியல.”

“பாவம். ரெண்டு பேரும் போயிட்டாங்களா?”

“ரெண்டு பேரா? மலருக்கு என்னம்மா? அத உயிரோட தூக்கிட்டாங்களே. இப்பக் கிள்ளான்ல இருக்கு. ரெண்டு புள்ளைங்க. போன தீபாவளிக்குக்கூட எனக்குப் போன் பண்ணுச்சு.”

கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தேன்.

மலர் உயிரோடு இருக்கிறாள். அப்படியானால் ரூபன் காரில் ஏறியது யார்?

அவரிடம் மலரின் நம்பர் வாங்கி அன்றைக்கே பேசினேன். காரில் நடந்ததைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. உங்கள் பெயரில் ஒரு கதை வந்தது, நீங்கள் அனுப்பினீர்களா என்று மட்டும் கேட்டேன்.

“நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவக்கா. தமிழ் பேசத்தான் வரும். எழுதத் தெரியாது” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “எப்ப வந்துச்சு?”

“போன மாசம். ஒரு புதன்கிழம. சாயங்காலம்.”

  

“அன்னைக்கு ரசம் தாளிச்சிக்கிட்டு இருந்தேன்க்கா” என்றாள். “திடீர்னு எம் பேரு மறந்துபோச்சு. புள்ளைங்க பேரு தெரியுது. வீடு தெரியுது. எம் பேரு மட்டும் இல்ல. வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. அவரு வாய் அசையுது, பேரு மட்டும் காதுல விழல. பயந்துபோய்க் கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினாரு.”

“அப்புறம்?”

“அங்க படுத்திருக்கும்போது மேலருந்து யாரோ கூப்பிட்டாங்க. மலரு, ஏ மலருன்னு. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எழுந்து அந்தப் பக்கம் போகப் பாத்திருக்கேன். வீட்டுக்காரர் கையப் புடிச்சி நிறுத்திட்டாரு.”

அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னேன். “உங்க அப்பாவா இருக்கும்மா. உங்களத் தேடி வந்தவராச்சே.”

“இல்லக்கா” என்றாள். “எங்கப்பா என்ன ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. பாப்பான்னுதான் சொல்லுவாரு. அன்னைக்கு மண்ணுக்குள்ள கெடந்தப்பவும் இந்தக் குரல்தான் கூப்பிட்டுச்சு. மலரு, ஏ மலருன்னு. எனக்குள்ள ஒண்ணு அந்தப் பக்கம் போயிருச்சு, இன்னும் திரும்பல. எங்கப்பா அப்ப ஓடி வந்து கத்தினது வேற.”

“என்ன கத்தினாரு?”

“போகாத பாப்பா... போகாத பாப்பான்னு.”