டாக்டர் வேஷத்தில் வந்த இன்ஸ்பெக்டர்

எங்கள் மலையில் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினால் சத்தமே வராது. பனி ஊறி, தாள் பழைய துணி மாதிரி தொய்ந்து கிடக்கும். முகர்ந்தால் தேயிலைத் தூள் வாசம்...

இப்போது ஃபேஸ்புக்கில் நாவல் விமர்சனம் எழுதி உங்களைப் படுத்தும் நான், அப்போது கேமரன் மலையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வயது பத்தொன்பது. வாய்க்கு மட்டும் நாற்பது.

கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டிய மணியம் அண்ணன், திரும்பும்போது மாத நாவல்கள் வாங்கி வருவார். அட்டையில் அழகான ஒரு பெண், அவள் பின்னால் கத்தியோடு ஒரு கை. அவர் படித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு வரும்.

எங்களுக்கு என்றால் மூன்று பேர். நான், என் அண்ணி, பக்கத்து லைன் வீட்டு ஸ்டெல்லா அக்கா. ஒருவர் முழுசாக முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. அதனால் பெட்டி வெட்டும் பிளேடால் நாவலின் முதுகைக் கீறி மூன்று பாகமாக்கிவிடுவோம். முதல் பாகத்தை முடித்தவர் அதை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுப்பார்.

ஒரு கறாரான சட்டமும் உண்டு. மூவரும் முடிக்கும்வரை கதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் அவளோடு யாரும் பேச மாட்டோம்.

அந்தச் சட்டம்தான் என்னைக் கவிழ்த்தது.

தோட்ட மண்டபத்தில் ஓர் அலமாரி இருந்தது. மாற்றலாகிப் போன ஆசிரியர் ஒருவர் விட்டுச் சென்ற நாவல்கள், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக. எல்லாம் தொலைந்துபோகும் என்று தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஐயா பூட்டியே வைத்திருந்தார். நான் போகும்போதும் வரும்போதும் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தலைப்புகளைப் படிப்பேன். சோற்றுக்குப் பசிப்பது மாதிரி பசித்தது.

இளைஞர் மன்றம் நச்சரித்ததில் கிராணி ஐயா ஒருவழியாக இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம். தான் படித்த ஒரு கதையைப் பற்றி யார் நன்றாகப் பேசுகிறார்களோ, அவரிடம் அலமாரிச் சாவி. அந்தச் சாவி எனக்கு வேண்டும். வேறு யார் கைக்காவது போனால் நான் செத்தேன் என்றே நினைத்தேன்.

அந்த மாதம் மணியம் அண்ணன் கொடுத்தது இரண்டு நாவல். எழுதியவர் ஒருவரே, அளவும் தாளும் ஒன்றுதான். அண்ணி எல்லாப் பாகங்களையும் ஒரே பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். அட்டை இருப்பது முதல் பாகத்துக்கு மட்டும்தானே...

நான் எடுத்த கதையில் ஓர் இன்ஸ்பெக்டர், காணாமல் போன கல்யாணப் பெண்ணைத் தேடுகிறார். இரண்டாம் பாகத்தில் ஆளைக் காணோம். ஒரு டாக்டர் மட்டும் நோயாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்க எண் ஒன்றிரண்டு இடித்தது. ஏதோ தாள் கழன்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் பாகத்தில் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து பெண்ணைக் கண்டுபிடித்தார்.

அடேயப்பா, என்ன மாறுவேஷம் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

கூட்டத்தில் அதைத்தான் விளாசினேன். "ஒரு எடத்துலகூட இவருதான் இன்ஸ்பெக்டர்னு எழுத்தாளர் காட்டிக் குடுக்கல! டாக்டராவே வாழ்றாரு! நம்மளயே ஏமாத்திட்டாரு!" சனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பின்வரிசையில் மணியம் அண்ணன் எழுந்தார். "தங்கச்சி... அது ரெண்டு புக்குலா!"

அப்புறம் ஸ்டெல்லா அக்காவின் குரல்: "ஐயோ கர்த்தரே! என் கதையில நடுவுல ஒரு போலீஸ்காரன் வந்து நின்னானே, அவன் ஒன்னோட ஆளா புள்ள? எனக்குத்தான் புரியலன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்!"

கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானத்தைவிட, சாவி போச்சே என்றுதான்.

ஆனால் கூட்டம் முடிந்தும் யாரும் கலையவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் கிராணி ஐயாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயா, அந்த ரெண்டு கதயும் எங்களுக்கு வேணும். அலமாரில உள்ளதும் வேணும்." "அந்த டாக்டரு கடைசியில என்னா ஆனாரு?"

கிராணி ஐயா என்னைக் கூப்பிட்டார். "இத்தன வருசமா இந்த அலமாரிய ஒன்ன விட்டா எவளும் திரும்பிப் பாக்கல. நீ தப்புத்தப்பா பேசி எல்லாரையும் கேக்க வெச்சிட்ட. இந்தா, புடி. ஆனா ஒண்ணு... இதுல ஒரு புக்க வெட்டுன, தொலைச்சிருவேன்."

வெட்டவில்லை. சத்தியமாக.

அந்த நாள்களில் கற்றதைத்தான் இன்றும் வைத்துப் பிழைக்கிறேன். ஒரு நாவலை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்: நடுவில் பிடுங்கினால் கோபம் வருகிறதா? எழுதுகிற நண்பர்களுக்கும் ஒன்று சொல்லலாம். வாசகர் நம்பிவிட்டால் உங்கள் கதையின் ஓட்டையை அவரே தைத்துக்கொள்வார். அதற்காக ஓட்டை விட்டு வைக்காதீர்கள்!

இப்போது எல்லாம் போனில். பாகம் மாறாது, தாள் கழலாது. படித்த சூட்டோடு விமர்சனம் போட்டுவிடுகிறேன், நீங்களும் சூப்பர் என்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் நான் சீக்கிரம் முடிக்க மாட்டேனா என்று பக்கத்து வீட்டில் யாரும் தவிப்பதில்லை.

ஸ்டெல்லா அக்கா இப்போது ஈப்போவில் மகள் வீட்டில். என் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, "நடு பாகம் சரியா பாத்தியா புள்ள?" என்று கேட்பது அவர்தான்.

போன வாரம், படிப்பதாக ஃபேஸ்புக்கில் சொல்லியிருந்த புது திரில்லரை முடித்து, விமர்சனமும் எழுதி வைத்தேன். போடுவதற்குள் அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"ஏ விஜி, அந்தக் கதய நானும் படிக்கிறேன்லா. கண்ணு ஒத்துழைக்க மாட்டேங்குது, இப்பதான் பாதி தாண்டியிருக்கேன். அதுக்குள்ள மூச்சு விட்ட... பேச மாட்டேன், சொல்லிட்டேன்."

அதனால் இந்த வாரம் விமர்சனம் இல்லை. அக்கா முடிக்கட்டும்.