முதுகில் பதினொரு ஊசி

சீனாவில் இரண்டு வருடம் அக்குபங்சர் படித்தேன். அந்தச் சான்றிதழை இங்கே எங்கே பதிவு செய்வதென்று எந்த ஆபீஸிலும் சொல்லத் தெரியவில்லை. எரிச்சலில், பதிவில்லாமலே திருப்பதியில் கிளினிக் திறந்துவிட்டேன்.

ஒரு நாள் காலை, பதிவில்லாத கிளினிக்குகளைப் பிடிக்கும் அதிகாரிகள் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டதாக மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். அப்போது உள்ளே ரேணிகுண்டா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஒருவர் முதுகில் பதினொரு ஊசியோடு குப்புறப் படுத்திருந்தார். ஊசி குத்திய ஆளை விட்டு நகரக்கூடாது. எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். பதினொன்றையும் எடுக்க ஒரு நிமிடம் போதும்; நான் எடுக்கவில்லை. “ஆபீசருங்க வராங்க, சத்தம் போடாதீங்க” என்று மட்டும் சொல்லி, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தவர்கள் ஷட்டரைத் தட்டினார்கள். “டாக்டர் லேரா?” என்று, டாக்டர் இல்லையா எனத் தெலுங்கில் என்னிடமே கேட்டார்கள். “தெலியது சார்” என்றேன்.

அவர்கள் போய் அரைமணி கழித்துத்தான் திறந்தேன். ஃபிட்டர் தலையணையைக் கடித்தபடி அசையாமல் கிடந்தார்.

“போயிட்டாங்களா சார்? இருமல் வந்துகினே இருந்துச்சு. உனுக்குக் கஷ்டமாயிடுமேன்னு அடக்கிக்கினேன்.”

ஊசிகளை எடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமும் வந்தார். சட்டையைக் கழற்றி, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தார்.