பதினேழாம் எண், வலது மணிக்கட்டு

அவள் ஒரு காலத்தில் தையற்கூடத்தில் துணி வெட்டியவள். கத்தரி அவள் கையில் தண்ணீரில் போவதுபோலப் போகும். படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது, மாமியார் பேச்சைக் கேட்டு எலும்பு கட்டும் வைத்தியரிடம் போனாள். எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "என் விரலே எக்ஸ்ரேதாம்மா" என்றார். மூங்கில் பத்தை வைத்து இறுக்கினார். விரல்கள் நீலம் பாரித்தன. "இறுக்கினாத்தான் சேரும்" என்றார்.

சேர்ந்தது, கோணலாக. பன்னிரண்டு வருடமாக அந்த உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. கத்தரியைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். வேலை போயிற்று. திரும்பப் போய்க் கேட்டபோது, "உன் தலையெழுத்தும்மா" என்று கூசாமல் சொன்னார். எலும்பை வளைத்தவர் அவர். பழி தலையெழுத்தின் மேல்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் கை எலும்புப் பிரிவின் எக்ஸ்ரே அறை வாசலில் சீட்டு வாங்கி ஆட்களைக் கூப்பிடுகிறாள். எண், தொழில், எந்தக் கை என்று மூன்றையும் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கம். எந்த வேலைக்குத் திரும்ப வேண்டிய கை என்று உள்ளே இருக்கும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஒருநாள் காலை அந்த வைத்தியர் வந்து நின்றார், வீங்கிய கையைத் துண்டால் மூடிக்கொண்டு. சீட்டில் தொழில் 'வியாபாரம்' என்றிருந்தது. அவள் அதை அடித்துவிட்டு, பழகிப்போன இடது கையால் நிதானமாகத் திருத்தினாள்.

"பதினேழு. எலும்பு கட்டுற வைத்தியர். வலது மணிக்கட்டு."

பெஞ்சில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின.

"அட, நம்ம வைத்தியரா?" என்றார் முழங்கை மடங்காத ஒரு கொத்தனார். "ஏன்யா, விரலே எக்ஸ்ரேன்னு எங்கிட்டயும் சொன்னீங்களே. அந்த விரல் இன்னிக்கு லீவா?"

சிரிப்பு நடைகூடம் முழுக்கப் பரவியது. வைத்தியர் அவளிடம் குனிந்தார்.

"மெதுவா கூப்பிடும்மா. நாலு பேர் பாக்குறாங்க."

"அந்த நாலு பேருக்காகத்தான் கூப்பிடுறேன்." வளைந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது யார் கட்டினதுன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் துண்டை இழுத்துத் தன் கையை இன்னும் மூடினார்.

"உள்ள நல்லா பாப்பாங்க. உங்க எலும்பு நேரா ஒட்டும். அதுவே எனக்கு வயித்தெரிச்சல்தான். உங்க வாசல்ல தொங்குற போர்டு என்ன ஆகப்போகுது?"

"கழட்டிடறேம்மா. இனிமே யாரையும் தொடல."

"சரி, போங்க."

அவர் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார். அவள் எழுந்து நின்று, அப்போதுதான் வெளிவாசலில் வந்து சேர்ந்தவர்களுக்கும் கேட்கும்படி, இன்னொரு முறை கூப்பிட்டாள்.