கிள்ளானுக்குப் போன தையல் டீச்சர்

போன வாரம் இரத்த அழுத்த மாத்திரை வாங்க பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடி நின்றான். ஒரு கையில் மைலோ பான டின், இன்னொரு கையில் ஆணுறைப் பெட்டி. கல்லாவில் இருந்த பெண், "பிளாஸ்டிக் பேக் வேணுமா?" என்று கேட்டாள். "வேணாம்லா," என்றான். இரண்டையும் ஒரே கையில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு நடுப்பகல் வெயிலில் இறங்கிப் போய்விட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலம் கெட்டுவிட்டது என்று ஆன்டி சிரிக்கிறார் என அந்தப் பெண் நினைத்திருப்பாள். விஷயமே வேறு. ஒரு காலத்தில் இதே தெருவில் இதே சாமானை நாங்கள் தமிழ்ப் பேப்பரில் வடை மடிப்பதுபோல் மடித்துக் கொடுப்போம். வாங்குகிறவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, படியில் பாதி ஓடியே இறங்குவார்.

எங்கள் எய்ட்ஸ் தடுப்பு ஆபீஸ் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஈரமான வாழைநாரும் மல்லிகையும் கலந்த வாசம் காலை முழுக்க ஜன்னல் வழியாக ஏறி வரும். எய்ட்ஸ் என்றால் மக்கள் எந்த வாசத்தை நினைப்பார்களோ தெரியாது, எனக்கு மல்லிகைதான். பலகை எதுவும் மாட்டவில்லை. மாட்டினால் யாரும் படி ஏற மாட்டார்கள். அடுத்த அறையில் ஒரு ஜோசியர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஜாதகம் பார்க்க வருவதாகப் பாவனை செய்துகொண்டு வருவார்கள். சில சமயம் பயத்தில் நிஜமாகவே அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அவர் கொஞ்ச நேரம் பேச விட்டுவிட்டு, சுவரைத் தட்டுவார். "தங்கச்சி, இது கிரகம் இல்ல. ஒங்க கேஸு."

நான் செமினியிலிருந்து வந்தவள். தமிழ் பேசத் தெரிந்த ஆள் தேவை என்றார்கள், போனேன். தொண்ணூறுகள் தொடங்கிய புதிது. மேலதிகாரி ஒரு சீன அம்மையார். "இந்த வேலைக்கு வெட்கப்படக் கூடாது, முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முடியும் என்று தைரியமாகச் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, உடலுறவு என்ற சொல்லை என் வாயால் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது. தங்கியிருந்த வீட்டுக் குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்தச் சொல்லையும் அதன் கூட்டாளிகளையும் உரக்கச் சொல்லிப் பழகினேன். வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவரின் மனைவி. கதவைத் தட்டினார். "பிள்ளை, உள்ளுக்கு ஆரோட கதைக்கிறீர்?"

நல்ல மனுஷி. ஆனால் என் வேலை என்னவென்று எப்படியோ தெரிந்துவிட்ட பிறகு, நான் தேநீர் குடிக்கும் கோப்பையின் அடியில் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். ஒருநாள் நான் அதைக் கவனித்துவிட்டதை அவரும் கவனித்துவிட்டார். "குறை நினையாதையும். எனக்குப் பயமாக் கிடக்கு," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பிறகு மாலைத் தேநீரை மட்டும் என் அறைக்கு எடுத்துப் போய்க் குடிக்க ஆரம்பித்தேன். வீட்டில் அம்மாவிடம் சுகாதார சம்பந்தமான ஆபீஸ் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா அதை ஊரெல்லாம் நர்ஸ் என்று சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் வேலையில் ஒரு விதி இருந்தது. எங்களிடம் வருகிறவர்களை வெளியே எங்கே பார்த்தாலும் நாங்கள் முதலில் பேசக் கூடாது. அவர்களாகச் சிரித்தால் சிரிக்கலாம். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தத் தெருவில் எனக்குத் தெரியாத முகமே இல்லை என்று ஆகியிருந்தது. யாருக்கு எந்த ராத்திரி தூக்கம் வரவில்லை, யார் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, எல்லாம் தெரியும். சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் நாலு பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து என் தோசையைத் தின்றுவிட்டு வருவேன்.

அஞ்சலை அந்தப் படியில் ஏறி வந்தது அப்படிப்பட்ட நாட்களில்தான். அஞ்சலை என்பது நான் வைக்கிற பெயர். உண்மைப் பெயரை இன்றைக்கும் சொல்வதற்கில்லை. கிள்ளானில் ஒரு மலிவு வீட்டு வரிசையில் இருந்தாள். புருஷன் லோரி ஓட்டி. போர்ட் கிள்ளானிலிருந்து சரக்கேற்றி தாய்லாந்து எல்லை வரைக்கும் போய் வருவார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மகள் கவிதாவுக்கு ஒன்றும் இல்லை. அதைச் சொன்னபோது மட்டும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

புருஷன் எதனால் செத்தார் என்று வரிசைக்குள் அரைகுறையாகக் கசிந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

மாதத்தில் இரண்டு மூன்று முறை நான் கிள்ளான் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவேன். அக்கம் பக்கத்தில் என்ன சொல்வது? அவளே யோசித்து, "தையல் டீச்சர்னு சொல்லிட்டேன்க்கா," என்றாள். எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. அந்த வரிசைப் பெண்கள் சும்மா விடுவார்களா? "டீச்சர், இந்த ரவிக்கைய கொஞ்சம் பிடிச்சிக் குடுங்களேன்," என்று வந்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு போய் பிரிக்பீல்ட்ஸ் தையல்காரரிடம் கொடுத்து, அடுத்த முறை கொண்டுவந்து கொடுப்பேன். கிள்ளானில் என் கைத்தொழிலுக்கு நல்ல பெயர் இருந்தது. அஞ்சலை கதவை மூடிக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில் பெண்களுக்கான ஒரு கூட்டத்தில் பேச, நோய் உள்ள ஒருவர் வேண்டும் என்று ஆபீஸில் முடிவு செய்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்து பேசலாம், முகம் தெரியாது. அஞ்சலையிடம் கேட்டேன். செலாயாங்கில் ஒரு மண்டபம் பார்த்திருக்கிறோம், உன்னை யாருக்கும் தெரியாது என்றேன்.

"செலாயாங்குல பேசி எனக்கு என்னாக்கா ஆவப் போவுது? இங்க வெய்ங்க. இந்த வரிசையில பாதிப் பேரு புருஷன் லோரி ஓட்டறாங்க."

"குரல் தெரிஞ்சிடுமே?"

"குரல மாத்திக்கறேன்."

மாற்றியும் காட்டினாள். ரேடியோ நாடகத்தில் மாமியாராக வருகிறவர் மாதிரி கட்டைக் குரலில் ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்தில் சிரித்துவிடுவாள். நான் பயந்துகொண்டேதான் சம்மதித்தேன்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த பாலர் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம். 'பெண்கள் ஆரோக்கியம்' என்று சொல்லித்தான் கூட்டினோம். சுவரில் வாத்துப் படமும் ஆனா ஆவன்னாவும். ஒரு மூலையில் கயிறு கட்டி, பூப்போட்ட பாத்தேக் துணியைத் தொங்கவிட்டோம். அஞ்சலையும் நானும் முன்கூட்டியே வந்து துணிக்குப் பின்னால், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒரு டாக்டரம்மா பேசினார். பிறகு அஞ்சலையின் முறை.

கட்டைக் குரல் இரண்டு வாக்கியத்துக்கு நின்றது. பிறகு மறந்துவிட்டாள். அவள் குரலிலேயே பேசினாள்.

"எங்க வீட்டுக்கு வர்றவங்க வாசல்லியே நின்னுக்குவாங்க. தண்ணி குடுத்தா, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்னு சொல்லுவாங்க. எல்லாரும் இப்பதான் குடிச்சிட்டு வருவாங்க."

புருஷன் எல்லையில் இறங்கித் தங்கும் ஊர்களைப் பற்றிச் சொன்னாள். "ஒங்க புருஷன்கிட்ட கேளுங்க. கோவம் வந்தா வரட்டும். நான் கேக்கல," என்றாள். அப்போது கூட்டத்திலிருந்து யாரோ ஒரு பெண், "ஒனக்கு அவர் மேல கோவம் இல்லியா?" என்று கேட்டார்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்தே பேசினாள். "இருந்துச்சி. செத்துப் போனவர்கிட்ட எப்படிக் காட்டறது? சட்டையெல்லாம் தொவச்சி மடிச்சி வெச்சேன். அதுக்கப்பறம் அது எங்க போச்சின்னு தெரியல."

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் அவளுடைய வரிசைக்காரர்கள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ரத்னா அக்காவின் இருமலை நாங்கள் இருவருமே கேட்டிருந்தோம்.

மறுநாள் ஆபீஸுக்குப் போன் வந்தது. பொதுத் தொலைபேசியிலிருந்து அஞ்சலை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் புரியவில்லை.

"அக்கா, ரத்னாக்கா வந்துச்சி. வாசல்ல நிக்கல. நேரா கிச்சனுக்குப் போச்சி. அதுவே கிளாஸ எடுத்து, ஜக்குலேர்ந்து ஊத்திக் குடிச்சிச்சி. 'என்னா வெயிலுலா'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சி. வேற ஒண்ணும் சொல்லல."

நான் போனைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கீழே பூக்கட்டுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லறை தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

வரிசை முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. சில பேர் வாசலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். ரத்னா அக்கா மட்டும் தினமும் வந்தார், தினமும் தண்ணீர் குடித்தார். அஞ்சலை படுக்கையில் விழுந்த பிறகு கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும், துணி மாற்றியதும் அவர்தான். வெளிநாட்டில் மருந்து வந்துவிட்டதாக ஆபீஸில் பேசிக்கொண்டோம். அது எங்களுக்கு எட்டுகிற விலையில் வருவதற்குப் பல வருஷம் ஆனது. அஞ்சலையால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை.

இழவு வீட்டுக்கு நான் தையல் டீச்சராகத்தான் போனேன். சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள், தள்ளியே நின்றார்கள். நான் கவிதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு தையல் டீச்சர் எவ்வளவு அழலாமோ அவ்வளவுக்குள் அடக்கிக்கொள்ளப் பார்த்தேன். ரத்னா அக்கா ஏதோ எடுக்க வருகிற மாதிரி வந்து என் காதருகே குனிந்தார்.

"டீச்சர், எனக்குத் தெரியும்லா. அன்னிக்கு பள்ளிக்கூடத்துல துணிக்குக் கீழ ஒங்க செருப்பு தெரிஞ்சிச்சி. அழுவணும்னா கிச்சன் பக்கம் வாங்க."

போனேன். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பைப்பைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சத்தத்தை என் அழுகைக்கு மேலே போட்டுக்கொண்டே நின்றார். அந்த வேலையில் இருந்த அத்தனை வருஷத்தில், ஒருவர் பக்கத்தில் இருக்க நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

கவிதாவை ரத்னா அக்காவே வைத்துக்கொண்டார். கடைசியாக நான் போனபோது, "ஸ்கூல் உடுப்பு கட்டையாப் போச்சி, டீச்சர், நீட்டி விடணும்," என்று அந்தப் பெண் கொண்டுவந்து நீட்டினாள். இந்த முறை தையல்காரரிடம் கொடுக்க மனம் வரவில்லை. அறையில் உட்கார்ந்து நானே விளிம்பைப் பிரித்துத் தைத்தேன். கோணலாக வந்தது. போட்டுப் பார்த்துவிட்டுக் கவிதா விளிம்பைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். ரத்னா அக்காதான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

பிறகு ஆபீஸ் இடம் மாறியது. நானும் வேறு வேலைக்குப் போனேன். மருந்து வந்தது. இப்போது ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், கிழவர்களாகிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் படியில் ஏறி வந்தவர்களுக்குத்தான் புரிந்திருக்கும். அவர்களில் பலர் இல்லை. வீட்டுக்காரம்மா இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் இல்லை. பூக்கடைக் கட்டடத்தை இடித்து ஹோட்டல் கட்டிவிட்டார்கள், மல்லிகை வாசம் வேறு பக்கம் போய்விட்டது.

அஞ்சலையைப் பற்றி யாரிடமாவது அவள் சொந்தப் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும்போல் இருந்தது. அப்படிப் பேசக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ரத்னா அக்கா ஒருவர்தான். மருந்துக்கடைக்குப் போய் வந்த மறுநாள் கிள்ளானுக்குக் காரை எடுத்தேன். அந்த வரிசையையே காணோம். அதே இடத்தில் உயரமாக ஓர் அடுக்குமாடி, வாசலில் தடுப்புக்கட்டை, கூண்டுக்குள் காவலுக்கு ஒரு ஜாகா. நேபாளத்துக்காரர்போல இருந்தார். இங்கே முன்னால் வரிசை வீடுகள் இருந்தனவே, அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று தமிழிலும் மலாயிலும் கேட்டுப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. நான் அங்கே குடியிருக்கிறவள், நுழைவுக் கார்டை மறந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கிவிட்டார்.

வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் தையல் டீச்சராக நுழைந்த இடத்துக்குள் இப்போது குடியிருக்கிறவளாகப் போய், கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தேன்.